ஆவணியில் 'ரிலாக்ஸா' ஒரு கார்ப் பயணம்: 21,650 ரூபாயும் ஒரு பாட்டில் டிரிப்ஸும்

கடலூரில் பிறந்து வளர்ந்த என்னைப் போன்றவர்களுக்கு மலை என்றால் கேப்பர் மலைதான். அதை விட்டால் திருவந்திபுரத்தில் ஹயக்ரீவர் இருக்கிற ஔஷதகிரி. அதற்கு 74 படி. இந்த இரண்டையும் ஏறி இறங்கிய தைரியத்தில்தான் 2025 செப்டம்பரில் செஞ்சி ராஜகிரியில் ஏறப் போனேன். அதுவும் நான்கு நாள் பயணத்தின் கடைசி நாளில். என்ன ஆனது என்பதை வரிசையாகச் சொல்கிறேன். எனக்கு முன்னால் யாராவது இதைச் சொல்லியிருந்தால் பணம் மிஞ்சியிருக்கும், மானமும் கொஞ்சம் மிஞ்சியிருக்கும்.

வயது 46. கணவர் ஷார்ஜாவில். மகள் கல்லூரி விடுதிக்குப் போய் இரண்டு மாதம் ஆகியிருந்தது. வீட்டில் நானும் அம்மாவும். பழைய ஆல்ட்டோ ஒன்று இருக்கிறது, ஒன்பது வருடமாக ஓட்டுகிறேன். கல்லூரிக் காலத் தோழிகள் இரண்டு பேரும் நானும் சேர்ந்து கடற்கரை ஓரமாகவே தெற்கே கொடியக்கரை வரை போய்விட்டு, திரும்பி வந்து புதுச்சேரியில் ஒரு இரவு தங்கி, செஞ்சிக் கோட்டை ஏறி முடிப்பதாகத் திட்டம். ஜூலையில்தான் செஞ்சி யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்த செய்தி வந்திருந்தது. நூறு கிலோமீட்டருக்குள் இருந்துகொண்டு இதுவரை பார்க்கவில்லையே என்ற வெட்கமும் சேர்ந்துகொண்டது. எப்போது போகலாம் என்று தேடினால், எங்கு பார்த்தாலும் செப்டம்பர் தொடக்கம்தான் நடைக்கும் கார்ப் பயணத்துக்கும் அருமையான காலம், வெயில் தணிந்திருக்கும், கூட்டம் இருக்காது என்று போட்டிருந்தது. இலை உதிர்கிற தேசத்துக்காரர்கள் அவர்கள் ஊருக்கு எழுதியது அது. எனக்கு அது உறைக்கவே இல்லை. செப்டம்பர் 5 வெள்ளிக்கிழமை மிலாது நபி விடுமுறை, அதற்கு முந்தைய நாள் ஒரு லீவு போட்டால் நான்கு நாள் கிடைக்கும். அவ்வளவுதான் என் கணக்கு.

அம்மா மட்டும் ஒரு வார்த்தை சொன்னார். "பொன் உருகக் காயும், மண் உருகப் பெய்யும்னு புரட்டாசியைச் சொல்லுவாங்க. இது அதுக்கும் முன்னால ஆவணி." நான் சிரித்துவிட்டுப் போய்விட்டேன். நம் பக்கத்தில் வடகிழக்குப் பருவமழை தொடங்க அக்டோபர் 20 வாக்கில் ஆகிவிடும். அதுவரை பகலெல்லாம் புழுங்கித் தள்ளும், சில நாள் சாயங்காலம் இடி மழை கொட்டும். 34, 35 டிகிரிதானே, மே மாதத்தை விடக் குறைவுதானே என்று நினைத்தால் ஏமாந்து போவோம். கடற்கரை ஈரப்பதத்தில் வியர்வை காயவே காயாது. உடம்பு சூட்டை வெளியே தள்ள வேறு வழி இல்லாமல் தவிக்கும். ஒரு வாழ்நாள் முழுக்க இந்த ஊரில் இருந்துவிட்டு இதை மறந்தேன் என்றால், காரில் ஏசி இருக்கிறது என்ற நினைப்புதான் காரணம்.

புறப்படுவதற்கு இரண்டு நாள் முன்னால் ஒருத்திக்கு மாமியார் உடம்பு சரியில்லை. மறுநாள் இன்னொருத்திக்கு அலுவலகத்தில் ஆடிட். கோபப்பட முடியாத காரணங்கள், அதனால்தான் கோபம் அதிகமாக வந்தது. தரங்கம்பாடிப் பக்கம் ஒரு விடுதியில் இரண்டு இரவுக்கு 2,400 ரூபாயும், புதுச்சேரியில் ஒரு இரவுக்கு 2,600 ரூபாயும் என் கணக்கிலிருந்து போயிருந்தது. பணம் வீணாகக் கூடாது என்ற ஒரே காரணத்துக்காகத் தனியாகக் கிளம்பினேன். நாலு பேர் சேர்ந்து போகிற பயணம் என்றால் ஆளாளுக்குப் பங்கை முதலிலேயே வாங்கிவிட்டுப் பிறகு முன்பதிவு செய்யுங்கள். வெட்கப்படாமல் கேட்டுவிடுங்கள். பணம் கட்டியவர்களின் மாமியாருக்கு உடம்பு சரியில்லாமல் போவது குறைவு.

வியாழக்கிழமை காலை ஆறு மணிக்குக் கிளம்புவதாக இருந்தேன், எட்டரை ஆகிவிட்டது. ஒரு காரியத்தை மட்டும் உருப்படியாகச் செய்திருந்தேன். முந்தின நாளே கன்னியக்கோயில் பக்கம் போய் டேங்கை நிரப்பிவிட்டு வந்தேன். புதுச்சேரி எல்லையில் பெட்ரோல் லிட்டருக்குச் சில ரூபாய் குறைவு என்பது கடலூர்க்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. வெளியூரிலிருந்து வருகிறவர்களுக்காகச் சொல்கிறேன்: காரைக்காலும் புதுச்சேரியைச் சேர்ந்ததுதான், அங்கே மறுபடி நிரப்பிக்கொள்ளலாம்.

கடலூர் முதுநகர் தாண்டியதுமே காவிப் புடவையும் காவி வேட்டியுமாக ஆட்கள் சாலையோரமாக நடந்து போய்க்கொண்டிருந்தார்கள். பத்து, இருபது பேர் என்று கூட்டம் கூட்டமாக. நடுவில் சைக்கிள் சக்கரம் வைத்த சின்னத் தேரில் மாதா சிலை, சீரியல் லைட், ஸ்பீக்கரில் பாட்டு. வேளாங்கண்ணிப் பாத யாத்திரை. ஆகஸ்ட் 29 கொடியேற்றம், செப்டம்பர் 7 சாயங்காலம் பெரிய தேர், 8 திருவிழா. வருடா வருடம் எங்கள் தெரு முனையில் இவர்களுக்கு மோர் கொடுப்பதைப் பார்த்தே வளர்ந்தவள் நான். ஆனால் நாள் குறிக்கும்போது அது ஞாபகத்துக்கே வரவில்லை பாருங்கள். காலண்டரில் சிவப்பு எழுத்தை மட்டும் பார்த்தேன், சிவப்பு இல்லாத நாட்களில் என்ன நடக்கிறது என்று பார்க்கவில்லை. சென்னையிலிருந்து கிழக்குக் கடற்கரை ஓரமாகவே நடந்து வருகிறவர்கள் முழங்கால் வீங்கி, பாதத்தில் துணி சுற்றிக்கொண்டு போகிறார்கள். அவர்களை ஹாரன் அடித்து ஒதுக்கிவிட்டுப் போக மனம் வராது, போகவும் கூடாது. அதோடு நான்கு வழிச் சாலை வேலைக்காக அங்கங்கே திருப்பிவிட்டார்கள். முப்பதுக்கு மேல் வேகம் எடுக்க முடியவில்லை. ஆகஸ்ட் கடைசி முதல் செப்டம்பர் 8 வரை புதுச்சேரிக்கும் நாகப்பட்டினத்துக்கும் நடுவில் கார் ஓட்டத் திட்டமிடுகிறவர்கள், வரைபடம் சொல்லுகிற நேரத்தை இரண்டால் பெருக்கிக்கொள்ளுங்கள். இரவு ஓட்டம் வேண்டவே வேண்டாம். இருட்டில் நடந்துகொண்டிருப்பார்கள்.

கிள்ளை வழியாகப் பிச்சாவரம் போய்ச் சேரும்போது மணி பதினொன்றரை. படகுக்கு ஆள் கணக்கில் அல்ல, படகுக் கணக்கில்தான் கட்டணம். தனியாகப் போனால் முழுப் படகுக்கும் நாம்தான் கொடுக்க வேண்டும். வேறு குடும்பத்தோடு சேர்ந்துகொள்ளலாம், ஆனால் அவர்கள் சம்மதிக்க வேண்டும். நான் காத்திருந்து ஒரு குடும்பத்தோடு ஒட்டிக்கொண்டேன். சுரபுன்னைக் காட்டுக்குள் குறுகிய வாய்க்காலில் நுழையும்போது நிழலும் குளிர்ச்சியும் சொர்க்கம். அதற்கு முன்னாலும் பின்னாலும் திறந்த நீரில் உச்சி வெயில், மேலேயும் தகிக்கும், தண்ணீரிலிருந்தும் தகிக்கும். துடுப்புப் போடுகிறவர், "காலையில மொத படகுக்கு வந்திருந்தா பறவையெல்லாம் பாத்திருக்கலாம்மா" என்றார். அந்த நாலு நாளில் போன இடமெல்லாம் இதே வார்த்தையைக் கேட்டேன்.

கொள்ளிடம் தாண்டி, சீர்காழி தாண்டி, பூம்புகாரை விட்டுவிட்டு நேரே தெற்கே ஓட்டினேன். இங்கே ஒரு சின்ன விஷயம், ஆனால் உடம்பு பட்ட விஷயம். நம் கார்களில் ஓட்டுகிறவர் வலது பக்கம் உட்காருகிறோம். மதியத்துக்கு மேல் தெற்கு நோக்கிப் போனால் மேற்கு வெயில் முழுக்க ஓட்டுகிறவர் தோளில்தான் விழும். மூன்று மணி நேரத்தில் என் வலது கை கருவாடாகிவிட்டது. இந்தக் கரையில் தெற்கே போவதைக் காலையிலும் வடக்கே திரும்புவதைச் சாயங்காலமும் வைத்துக்கொண்டால் இரண்டு வேளையும் வெயில் பக்கத்து சீட்டில்தான் இருக்கும். இதை யோசித்துத் திட்டம் போட்டவர்களை நான் இதுவரை பார்த்ததில்லை.

நாலு மணி இருக்கும், தரங்கம்பாடிக்கு வடக்கே ஒரு மீனவக் கிராமம். போனில் ஒரு ஒற்றையடி வழி கடல் வரைக்கும் போவதாகக் காட்டியது. ஆளே இல்லாத கடற்கரையில் காரை நிறுத்தி, கதவைத் திறந்து வைத்துக்கொண்டு தேநீர் குடிப்பதாக மனதுக்குள் ஒரு படம் ஓடியது. சவுக்குத் தோப்பைத் தாண்டியதும் முன் சக்கரம் இரண்டும் மணலில் இறங்கின. ரிவர்ஸ் போட்டு ஆக்ஸிலரேட்டரை மிதித்தேன். இன்னும் இறங்கியது. முன்னால் போட்டு மிதித்தேன். கருகின நாற்றம் வந்தது. அது டயர் நாற்றம் என்று நினைத்து இன்னும் பத்து நிமிடம் மிதித்தேன். அந்தப் பத்து நிமிடத்தின் விலை 7,800 ரூபாய், கிளட்ச் பிளேட் போய்விட்டது. மணலில் இறங்கிவிட்டது என்று தெரிந்த அந்த நொடியே காலை எடுத்துவிட வேண்டும். சக்கரம் சுற்றச் சுற்றத் தனக்குத் தானே குழி தோண்டிக்கொள்ளும். இறங்கி, சக்கரத்துக்கு முன்னால் பின்னால் மணலைக் கையால் வாரித் தள்ளி, டயரில் காற்றைப் பாதியாகக் குறைத்து, தென்னை மட்டையோ கார் மிதியடியோ சக்கரத்துக்கு அடியில் செருகி, மெதுவாக எடுக்க வேண்டும். தார் ரோட்டுக்கு வந்ததும் காற்றை மறுபடி நிரப்பிவிட வேண்டும், மறக்கக் கூடாது. இதெல்லாம் என்னை இழுத்துவிட்ட டிராக்டர்காரர் பிறகு சொன்னது. படகு இழுக்கிற டிராக்டர் அது. வந்தவர் முதலில் காரைப் பார்க்கவில்லை, என்னைப் பார்த்தார். "ஏம்மா, போனு சொல்லுச்சுன்னா கடல்லயே கொண்டுபோய் வுட்டுடுவியா?" நான் "தெரியாம வந்துட்டேன் அண்ணே" என்றேன். 1,500 ரூபாய். அதிகம் என்று நான் சொல்லமாட்டேன். இருட்டப் போகிற நேரத்தில் ஒரு மணி நேரம் நின்று, கயிறு கட்டி, ஸ்டெப்னி முதற்கொண்டு பார்த்துக்கொடுத்துவிட்டுப் போனார்.

விடுதிக்குப் போய்ச் சேரும்போது ஏழே முக்கால். மணலும் வியர்வையுமாக நிற்கிறேன். வரவேற்பில் இருந்த பையன் என் பின்னால் வாசலைப் பார்த்தான். "கூட வர்றவங்க மேடம்?" இல்லை, நான் மட்டும்தான் என்றேன். உள்ளே போனான், வந்தான். "தனியா வர்ற லேடீஸுக்குக் குடுக்கறதில்ல மேடம். மூணு பேருன்னுதானே புக் பண்ணீங்க." பணம் கேட்டேன். முதலாளி ஊரில் இல்லையாம், போனில் அனுப்புவார்களாம். இன்று வரை அனுப்பவில்லை. நான் வெளியே வந்து காரில் உட்கார்ந்தபோது, நாலு பேர் கொண்ட குடும்பம் ஒன்று பெட்டியோடு அதே விடுதிக்குள் போனது. திருவிழாக் கூட்டத்துக்கு அறை என்ன விலைக்குப் போயிருக்கும் என்று கணக்குப் போட எனக்குத் தெரியாதா? ஸ்டியரிங்கில் தலையை வைத்துக்கொண்டு ஒரு பத்து நிமிடம் அழுதேன். அவமானமா, பசியா, கையில் எரிச்சலா, எதற்கென்று பிரித்துச் சொல்ல முடியவில்லை. கணவருக்குப் போன் போட்டேன். "உனக்கு எதுக்கு இந்த வேலை" என்று ஆரம்பித்தார். வைத்துவிட்டேன்.

திருக்கடையூரில் அறை கிடைக்குமா என்று கேட்டுப் பார்த்தேன். அங்கே அறுபதாம் கல்யாணம், எண்பதாம் கல்யாணம் என்று எப்போதும் கூட்டம்தான். கடைசியில் காரைக்காலில் நாலாவதாக ஏறிய லாட்ஜில் ஒரு வயதான மேனேஜர் ஆதாரை வாங்கிப் பார்த்துவிட்டு ஒரு கேள்வியும் கேட்காமல் சாவியைக் கொடுத்தார். 3,200 ரூபாய், மறுநாளைக்கு 2,800. மற்ற நாளில் ஆயிரத்துச் சொச்சத்துக்குக் கிடைக்கும் அறைதான். தனியாகப் போகிற பெண்களுக்குச் சொல்கிறேன். முன்பதிவு செய்த பிறகு விடுதிக்கு நேரே போன் போட்டு, "ஒரு பெண் மட்டும்தான் வருகிறேன், இரவு இத்தனை மணி ஆகும்" என்று சொல்லி, சரி என்று அவர்கள் சொல்வதை வாட்ஸ்அப்பில் எழுத்தாக வாங்கிக்கொள்ளுங்கள். ஆட்களின் எண்ணிக்கை மாறினால் அன்றைக்கே தெரிவித்துவிடுங்கள். நான் சொல்லாமல் விட்டதுதான் அவர்களுக்கு வசதியாகப் போயிற்று. அப்புறம், புது ஊரில் இருட்டுவதற்குள் போய்ச் சேருங்கள். வெளிச்சத்தில் வாக்குவாதம் செய்கிற தைரியம் இருட்டில் வருவதில்லை.

வெள்ளிக்கிழமை மிலாது நபி. காரைக்காலில் பல கடைகள் அடைத்திருந்தன, மெக்கானிக் கிடைக்கப் பதினொரு மணி ஆயிற்று. அவர் கிளட்ச் கேபிளைக் கொஞ்சம் முறுக்கிவிட்டு, "ஊர் போய்ச் சேரும். ஏத்தத்துல ஏறாதீங்க, நெரிசல்ல நிக்காதீங்க" என்றார். அதைக் கேட்ட பிறகும் நான் நாகப்பட்டினம் பக்கம் திரும்பினேன். கொடியக்கரைக் காட்டில் வெளிமானையும் மட்டக்குதிரையையும் பார்த்துக்கொண்டே இராமர் பாதம் வரை நடக்க வேண்டும் என்பது பல வருட ஆசை. இருபது கிலோமீட்டருக்கு ஒன்றே முக்கால் மணி நேரம். வண்டி நிற்பதும் நகர்வதுமாக, கிளட்ச் நாற்றம் மறுபடி லேசாக. நாகைக்குள் நுழையும்போதே மணி ஒன்றரை. அங்கிருந்து வேளாங்கண்ணியைத் தாண்டி, வேதாரண்யம் போய், அதற்கப்புறம் இன்னும் பத்து கிலோமீட்டருக்கு மேல். வனத்துறை அனுமதி வாங்கி உள்ளே போய் நடந்துவிட்டுத் திரும்ப வழியே இல்லை. போதாக்குறைக்கு, சிக்னலில் பக்கத்தில் நின்ற ஒரு ஆட்டோக்காரர், "பறவையெல்லாம் ஐப்பசிக்கு மேலதான் வரும், இப்ப என்னத்தைப் பார்க்கப் போறீங்க" என்று கேட்டார். வண்டியைத் திருப்பினேன். இந்தப் பயணத்தில் நான் எடுத்த முதல் புத்திசாலித்தனமான முடிவு அதுதான். ராத்திரி காரைக்காலில் இடியோடு ஒரு மணி நேரம் கொட்டித் தீர்த்தது. கொடியக்கரையிலிருந்து அந்த மழையில் ஓட்டி வந்திருந்தால் என்று நினைத்துப் பார்த்துவிட்டுப் போர்வையை இழுத்துக்கொண்டேன்.

சனிக்கிழமை திட்டத்தில் இல்லாத ஒன்று நடந்தது. தூக்கம் வராமல் நாலரைக்கே எழுந்து, அறையைக் காலி செய்துவிட்டு, ஐந்தே முக்காலுக்குத் தரங்கம்பாடி கடற்கரையில் நின்றேன். இரவு மழையில் மணல் கெட்டிப்பட்டிருந்தது. 1620-ல் டேனிஷ்காரர்கள் கட்டிய கோட்டை, சூரியன் வர வர மஞ்சளிலிருந்து ஆரஞ்சாக மாறிக்கொண்டிருந்தது. 1306-ல் எழுந்த மாசிலாமணிநாதர் கோயிலின் முன்பகுதியைக் கடல் கொண்டுபோய்விட்டது, மிச்சத்துக்கு முன்னால் பாறாங்கல் கொட்டி வைத்திருக்கிறார்கள். கோட்டைக்கும் கோயிலுக்கும் நடுவில் ஐந்து நிமிட நடைதான். அதையே நான் மூன்று தரம் நடந்தேன். ஒரு பாட்டி வலை சிக்கெடுத்துக்கொண்டே, "யார் வூட்டுப் பொண்ணு?" என்று கேட்டார். கடலூர் என்றேன். "கடல் இல்லாத ஊரா அது?" என்றார். எட்டரை வரை அங்கேயே உட்கார்ந்திருந்தேன். நான்கு நாளில் நான் கற்பனை செய்து வைத்திருந்த பயணம் என்பது அந்த மூன்று மணி நேரம்தான். அதற்குக் கடலூரிலிருந்து ஒரு இரவு தங்குகிற மாதிரி வந்தாலே போதும். கொடியக்கரை போய்ச் செஞ்சி வரை திரும்பி ஏறக்குறைய 600 கிலோமீட்டர் சுற்றத் தேவையே இல்லை. ஒரு நாளைக்கு நூறு கிலோமீட்டர், ஒரு இடம். என் வயசுக்கு, இந்தச் சாலைக்கு, இதுதான் கணக்கு என்று இப்போது வைத்திருக்கிறேன்.

மதியத்துக்குள் கடலூர் வந்து, வண்டியை நேராக மஞ்சக்குப்பத்தில் என் மெக்கானிக்கிடம் விட்டேன். புதுச்சேரி அறையை ரத்து செய்யப் போன் போட்டால், விடுமுறை வாரக் கடைசிக்குப் பணம் திரும்பக் கிடையாது என்றார்கள். விதிமுறையில் எழுதியிருந்ததாம். இருந்தது, நான்தான் படிக்கவில்லை. இங்கேயே நிறுத்தியிருக்க வேண்டும். ஆனால் பிடிவாதம் இருக்கிறதே. கார் இல்லாவிட்டால் என்ன, பஸ் இருக்கிறது, செஞ்சியாவது பார்த்தே தீருவேன் என்று ஞாயிறு காலை ஆறரைக்கு விழுப்புரம் பஸ் ஏறினேன்.

விழுப்புரம் பஸ் நிலையத்தில் நின்ற கூட்டத்தைப் பார்த்த பிறகுதான் அன்றைக்குப் பௌர்ணமி என்று தெரிந்தது. திருவண்ணாமலை கிரிவலம். அதோடு இரவு சந்திர கிரகணம் வேறு, அதற்கு முன்னால் சுவாமி பார்த்துவிட வேண்டும் என்று ஜனம் பறந்தது. இரண்டு பஸ்ஸை விட்டு மூன்றாவதில் தொங்கிக்கொண்டு போனேன். செஞ்சியில் இறங்கும்போது பத்தே முக்கால். காலையில் ஒரு காபியும் இரண்டு பிஸ்கட்டும். கையில் ஒரு லிட்டர் தண்ணீர், ஒரு பாட்டில் எலுமிச்சை ஜூஸ், காலில் வழுவழுத்த அடிப்பாகம் உள்ள செருப்பு. ராஜகிரி தரையிலிருந்து ஏறக்குறைய 800 அடி. கீழே கல்யாண மஹால், களஞ்சியம் எல்லாம் நிழலாகத்தான் இருந்தது, பரவாயில்லையே என்று நினைத்தேன். ஏறத் தொடங்கிய பத்தாவது நிமிடத்தில் குரங்கு ஒன்று எலுமிச்சை ஜூஸைப் பறித்துக்கொண்டு போயிற்று. பிளாஸ்டிக் பையையோ பாட்டிலையோ கையில் தெரிகிற மாதிரி கொண்டு போகக் கூடாது, ஜிப் வைத்த முதுகுப் பைக்குள் இருக்க வேண்டும். அந்தக் குரங்கு மூடியைத் திருகித் திறந்த லாவகத்தைப் பார்த்தால், அதற்கு இது தினசரி வேலை என்று தெரிந்தது.

கமலக்கன்னி அம்மன் கோயிலைத் தாண்டும்போது தண்ணீர் தீர்ந்துவிட்டது. படிகள் ஒரே உயரம் இல்லை, சில இடத்தில் முழங்கால் உயரம். பாறை பகலெல்லாம் வாங்கின சூட்டை முகத்தில் வீசுகிறது, காற்று இல்லை. தலை வலித்தது. அப்புறம் வாந்தி வருகிற மாதிரி இருந்தது. அப்புறம் அந்த வெயிலில் எனக்குக் கை மயிர் சிலிர்த்துக் குளிரெடுத்தது. அதுதான் அபாய அறிகுறி என்று தெரியாமல், ஆகா, காற்று வருகிறது போல என்று சந்தோஷப்பட்டேன். கெண்டைக்கால் இழுத்துக்கொண்டு உட்கார்ந்தது வரை ஞாபகம் இருக்கிறது. இறங்கிக்கொண்டிருந்த ஒரு இளம் குடும்பம் பார்த்துவிட்டு ஓடி வந்தது. "அக்கா, எந்திரிக்காதீங்க, அப்படியே சாஞ்சுக்கோங்க" என்று அந்தப் பெண் தன் துப்பட்டாவை நனைத்து என் கழுத்திலும் அக்குளிலும் வைத்தாள். அவள் கைப்பையில் குழந்தைக்காக வைத்திருந்த ஓ.ஆர்.எஸ். பொட்டலம் இருந்தது, ஒரு லிட்டர் தண்ணீரில் கரைத்துக் கொஞ்சம் கொஞ்சமாகக் குடிக்க வைத்தாள். முக்கால் மணி நேரம் நிழலில் கிடந்த பிறகு, அவள் கணவர் ஒரு பக்கம் அவள் ஒரு பக்கம் பிடித்துக்கொள்ள, உட்கார்ந்து உட்கார்ந்து கீழே வந்தேன். உச்சியில் பிளவுக்குக் குறுக்கே ஒரு பாலம் இருக்கிறதாம். அதை நான் பார்க்கவே இல்லை. ஊருக்குள் ஒரு கிளினிக்கில் ஒரு பாட்டில் டிரிப்ஸ், ஊசி, எல்லாம் சேர்த்து 1,350 ரூபாய். டாக்டர் கேட்டது ஒரே கேள்வி: "ஏம்மா, பதினொரு மணிக்கு ஏறலாம்னு யார் சொன்னது?"

யாரும் சொல்லவில்லை. அதனால் நான் சொல்கிறேன். ராஜகிரிக்கு ஆளுக்கு மூன்று லிட்டர் தண்ணீர், ஓ.ஆர்.எஸ். இரண்டு பொட்டலம், பிடிமானமுள்ள ஷூ, வயிற்றில் நல்ல சாப்பாடு. டிக்கெட் கவுன்டர் திறக்கும்போது வாசலில் நின்றிருக்க வேண்டும், அதற்கு முதல் நாளே செஞ்சியிலோ திண்டிவனத்திலோ தங்கிவிடுவது நல்லது. பிற்பகலில் தாமதமாகப் போனால் உச்சிக்கு விடவும் மாட்டார்கள். தலைவலி தொடங்கியதுமே திரும்பிவிடுங்கள், கோட்டை எங்கும் ஓடிப் போகாது. பழக்கம் இல்லாதவர்களுக்கு எதிரே இருக்கிற கிருஷ்ணகிரி சின்னது, அதைத்தான் முதலில் ஏற வேண்டும். பௌர்ணமியை ஒட்டிய நாட்களில் அந்தச் சாலைப் பக்கமே தலைகாட்டாதீர்கள்.

இரவு ஒன்பதரைக்கு வீட்டுக்குள் நுழைந்தேன். அம்மா என் முகத்தைப் பார்த்தார், ஒன்றும் கேட்கவில்லை. பாத்திரங்களில் தர்ப்பை போட்டு மூடி வைத்திருந்தார். "பத்து மணிக்கெல்லாம் கிரகணம் புடிச்சுடும், அதுக்குள்ள ரெண்டு வாய் சாப்பிடு" என்று ரசம் சாதத்தைப் பிசைந்து கையில் கொடுத்தார். அந்த நான்கு நாளில் சரியான நேரத்துக்கு நான் போய்ச் சேர்ந்தது அந்த ஒரு இடத்துக்குத்தான். மறுநாளும் அதற்கு மறுநாளும் லீவு. முன்பணம் 5,000, டிராக்டர் 1,500, காரைக்கால் அறை 6,000, கிளட்ச் 7,800, கிளினிக் 1,350. மொத்தம் 21,650. படகு, பெட்ரோல், சாப்பாடு தனி.

ஜனவரி கடைசி வாரம், பௌர்ணமி இல்லை, திருவிழா இல்லை, ஒரு செவ்வாய்க்கிழமை என்று பஞ்சாங்கத்தையும் காலண்டரையும் பக்கத்தில் வைத்துப் பார்த்து நாள் குறித்து, அதே தோழிகள் இருவரோடும் செஞ்சிக்குப் போனேன். முதல் நாள் அங்கேயே தங்கி, காலையில் கவுன்டர் திறந்ததும் கிருஷ்ணகிரி ஏறினோம். குளிர்ந்த காற்று, மேலே மண்டபத்தில் உட்கார்ந்து கட்டிக்கொண்டு போன புளியோதரையைச் சாப்பிட்டோம். எதிரே ராஜகிரி. நான் விழுந்த இடம் எது என்று காட்டச் சொன்னாள் ஒருத்தி, காட்டினேன். "அடுத்தது கொடியக்கரை போலாமா? இப்பதான் பறவை இருக்கும்" என்றாள் இன்னொருத்தி. போகலாம் என்றேன். ஆளுக்கு மூவாயிரம், கீழே இறங்குவதற்குள் ஜிபேயில் அனுப்பிவிட வேண்டும் என்றும் சொன்னேன். ஒருத்தி அனுப்பிவிட்டாள். இன்னொருத்திக்கு மலை மேல் சிக்னல் இல்லையாம்.